கலைக்காத பெரட்டு

சுங்காய் ஊருக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த ரப்பர் புகைக்கூடத்தில்தான் எங்கள் இசை நாடகக் குழு பிறந்தது. நாங்கள் நான்கு பேர். ரப்பர் பால் வாளிகளைத் தட்டிக்கொண்டே, தோட்டத்தில் வேலைக்கு அனுப்பும் முன் விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுபோல் பெயர்களைக் கூப்பிடுவோம். எல்லாம் நாங்களாக இட்டுக்கட்டிய பெயர்கள்.

அங்கே ஒரு காவலாளி இருந்தார். ஒல்லியான ஆள், நரைத்த மீசை. மோட்டார் ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டார். உள்ளேயும் வரமாட்டார், வாசலிலேயே நிற்பார்.

ஒரு சாயங்காலம் ஒத்திகை முடிந்து கிளம்பினோம். அவர் வழிவிடவில்லை.

"பேரு கூப்பிட்டீங்க தம்பி. வேலைக்குப் போகச் சொல்லலியே?"

"யாரண்ணே?"

"வந்தவங்களத்தான். எத்தன நாளா அப்படியே நிக்கிறாங்க, பாவம் லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் காலிக் கூடத்தைப் பார்த்து, "சரி, எல்லாரும் வேலைக்குப் போலாம்" என்றேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். ஒவ்வொருவராக வழியனுப்புவதுபோல் அவர் கண்கள் மெல்ல நகர்ந்தன. வெகுநேரம் நகர்ந்தன.

இன்று ஈப்போவில் எங்கள் நிகழ்ச்சிகள் எல்லாம் அந்த வார்த்தையோடுதான் முடிகின்றன. புதுமையான முடிவு என்று பாராட்டுகிறார்கள். அதைச் சொன்ன பிறகு நான் மட்டும் வாசல் பக்கம் பார்ப்பதில்லை.