ஒரு மடக்குத் தண்ணீர்

எங்கள் பக்கத்தில் என்னை 'வாய் டாக்டர்' என்பார்கள். பல் பிடுங்க வந்தவள் என்று நினைத்துக் கடைவாயைத் திறந்து காட்டியவர்களும் உண்டு. பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் பேச்சுப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. தென்காசியில் வீடு, ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போவேன். சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம் ரோட்டில் வேன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, எண்ணெய் தேய்த்த முதுகுகளைப் பார்த்தபடி நிற்க வேண்டியதுதான். எனக்கு ஏற்கெனவே முன்கோபம். அதற்குப் பிறகு நான் போய்ச் சேருகிற வீட்டுக்காரர்கள் பாவம்.

இலத்தூரில் ஒரு வீட்டில் அந்தக் கோபம் முழுவதும் நோயாளியின் மனைவி தலையில்தான் விடிந்தது. நோயாளி போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும். கடைசி வருடங்களில் புளியறை செக்போஸ்ட்டில் இருந்தாராம். வலது கையைத் தூக்கினால் எந்த லாரியும் நிற்கும் என்று அவர் மகள் பெருமையாகச் சொன்னாள். அந்தக் கை இப்போது மடியில் கிடந்தது. மற்றவர் பேசுவது அவருக்கு நன்றாகவே புரிந்தது. திருப்பிச் சொல்லத்தான் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: வண்டி. பேர் என்ன? வண்டி. சாப்பிட்டீங்களா? வண்டி. கோபம் வந்தாலும் வண்டிதான், கொஞ்சம் சத்தமாக.

அந்த அம்மாவோ அவர் புருவம் அசைவதை வைத்தே எல்லாம் கண்டுபிடித்துவிடுவார். நான் அவரிடம் ஏதாவது கேட்டால் அடுப்படி வாசலிலிருந்து பதில் வரும். "டீச்சர், அவியளுக்கு ஃபேனைக் குறைக்கணுமாம்."

"நீங்க பேசிட்டே இருந்தா அவங்க எதுக்கும்மா பேசணும்?" என்று ஒரு நாள் சத்தம் போட்டேன்.

"முப்பது வருஷம் அவிய சொன்னாவ, நான் செஞ்சேன். இப்ப நான் சொல்லுதேன். அதுல உங்களுக்கு என்ன சங்கடம்?" என்றார் அவர். சொன்னது நியாயமாகவும் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வரன் முடிவானது. ஆறு வாரத்தில் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் நிச்சயம். அவர்கள் வழக்கப்படி பெண்ணின் அப்பா சபை நடுவில் 'பொண்ணு தாரேன்' என்று மூன்று தரம் சொல்லித் தட்டு மாற்ற வேண்டும். ஏட்டையாவின் தம்பி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். "மதினி, அண்ணனை எதுக்குச் சபையில போட்டுப் பாடுபடுத்தணும்? நான் சொல்லுதேன்" என்றார். பாசத்தில்தான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஏட்டையா இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார். "வண்டி! வண்டி!"

அந்த அம்மா அர்த்தம் சொல்லப் போகாமல் அவர் கையைப் பிடித்து இறக்கினார். நான்தான் வீம்பாக, "அவங்களே சொல்லுவாங்க" என்றேன்.

திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். சபையில் ஒரு தரம் தடுமாறிச் சிரிப்பாகிவிட்டால் அதன் பிறகு வாயே திறக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏட்டையாவும் அப்படிப் படுத்துவிட்டால் அந்தப் பழி எனக்குத்தான். சொன்னது சொன்னதுதான், இனி விடக்கூடாது என்று அடுத்த நாளிலிருந்து தினமும் போனேன்.

இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டே பாட்டு மாதிரி இழுத்துச் சொல்ல வேண்டும். பொண்-ணு-தா-ரேன், நாலு தட்டு. முதலில் ராகம் மட்டும், பிறகு சொல். முதல் வாரம் முழுக்க 'வண்டி தாரேன்' என்றே வந்தது. "எப்பா, மாப்பிள்ளை வீட்டுல கார் சாவியைக் கேட்டுருவாங்கப்பா" என்று மகள் சொல்ல, அவரும் பாதி வாயால் சிரித்தார்.

தொல்லையெல்லாம் அந்த அம்மாதான். ஏட்டையா உதட்டைக் குவித்தாலே போதும், இந்த அம்மா முழுசாகச் சொல்லி முடித்துவிடுவார். மனசுக்குள் பத்து எண்ணுங்கள் என்றேன். மூன்றைத் தாண்டவில்லை. கடைசியில் ஒரு டம்ளரைக் கையில் கொடுத்தேன்.

"ஒரு மடக்கு வாயில வச்சுக்கோங்க. அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் முழுங்கக் கூடாது."

கன்னம் உப்ப என்னை முறைத்தார். தினமும் பயிற்சி முடிந்ததும் நான், "ம், முழுங்கு" என்பேன். வயதில் மூத்தவரிடம் அப்படிச் சொல்லலாமா என்று தோன்றவே இல்லை. அவ்வளவு வெறி. நாலாவது வாரத்தில் ஒரு நாள் பிசிறில்லாமல் வந்தது: "பொண்ணு தாரேன்." அந்த அம்மா வாய் நிறையத் தண்ணீரோடு புறவாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு, அங்கேயே நின்று அழுதார்.

அமைதியான அறையில் சொன்னால் போதாது. டி.வி.யைப் போட்டேன், மிக்ஸியை ஓடவிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டி வந்து எதிரில் உட்கார வைத்தேன். மிக்ஸிச் சத்தத்திலும் சொன்னார்.

நிச்சயத்தன்று மண்டபத்தில் நான் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில், ஏட்டையாவின் கண்ணில் படும்படி உட்கார்ந்தேன். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே ஸ்டூலில் தட்டை வைத்தார்கள். பேச்சு அடங்கியது. எல்லாச் சத்தத்துக்கும் பழக்கியிருந்தேன், அத்தனை பேர் வாய்மூடிப் பார்க்கிற அமைதிக்குப் பழக்கவில்லை.

அவர் விரல் தொடையில் ஒரு தரம் தட்டியது. ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார். கீழுதடு மெதுவாக மேல் பல்லைத் தொட்டது. எனக்கு அந்த வாய் தெரியும். அது 'வ'.

ஆறு வாரம் அந்த அம்மாவைப் போட்டு வறுத்தெடுத்தவள் நான். சபை நடுவில் என் வாயிலிருந்தே, "பொ..." என்று வந்துவிட்டது.

தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. திரும்பினேன். அந்த அம்மாவுக்குக் கன்னம் உப்பியிருந்தது. எப்போது வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாரோ தெரியவில்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை என் மடியில் வைத்து அழுத்தினார். வெட்கத்தில் காது சுட்டது. பேசாமல் நானும் ஒரு மடக்கு எடுத்து வாயில் வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன்.

எட்டு எண்ணும்போது ஏட்டையா உதட்டை விடுவித்து மறுபடி குவித்தார். "பொண்ணு." மூச்சு வாங்கினார். "தாரேன்."

மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும் அண்ணாச்சி, ஒரு தரம் சொன்னதே போதும்" என்று தட்டுக்குக் கையை நீட்டினார்.

ஏட்டையா இடது கையைத் தூக்கினார், உள்ளங்கை எதிரே தெரிய. நீட்டிய கை அங்கேயே நின்றது.

"பொண்ணு தாரேன்."

அவசரமே இல்லாமல் நாலு தட்டுத் தட்டினார்.

"பொண்ணு தாரேன்."

தட்டு மாறியது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. கன்னம் உப்ப உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். தொடையில் தட்டவில்லை, ராகம் இல்லை. நான் அவருக்குப் பழக்காத சொல் அது.

"முழுங்கு" என்றார்.

முழுங்கினோம்.