வாஷிக்குப் போகும் தைராய்டு

என் மருமகளுக்கு வந்திருப்பது தைராய்டு என்றே எங்கள் சந்தில் சொல்லி வைத்திருந்தேன். தாராவியில் ஒரு பெண் மெலிந்தாலும் பருத்தாலும், உறக்கமின்றிக் கிடந்தாலும், அப்பெயரைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு எவரும் கேட்பதில்லை. இரண்டாம் பிள்ளை பிறந்தபின் அவள் பேச்சைக் குறைத்தாள், பின்னர் உணவை. குழந்தை அழுதாலும் சுவரையே பார்த்திருந்தாள். மனநல மருத்துவரிடம் வருவதற்கு அவள் விதித்த நிபந்தனை ஒன்றே: தெரிந்தவர் கண்ணில் படலாகாது, பட்டால் மாத்திரையை நிறுத்திவிடுவாள். ஆகவே அருகிலிருந்த ஆஸ்பத்திரியை விடுத்து, குர்லாவில் ரயில் மாறி, தொலைவிலுள்ள வாஷி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன்.

அங்கே நடைக்கூடம் முழுவதும் பெண்கள். பர்தா அணிந்தவர்கள், அலுவலக அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டவர்கள், மாட்டுங்காப் பக்கத்து வைர மூக்குத்தி மாமி ஒருவர். இந்நோய் எங்கள் வீட்டை மட்டுமே தேடி வந்ததாக எண்ணியிருந்த எனக்கு அன்று உட்கார இடம் கிடைக்கவில்லை.

சில மாதங்கள் சென்றபின் ஒரு நாள், பெஞ்சின் ஓரத்தில் முக்காடிட்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். எங்கள் எதிர்வீட்டுக்காரி. வாஷியில் நாத்தனாரைப் பார்க்கப் போவதாக மாதந்தோறும் சொல்லிச் செல்பவள்.

"என்னக்கா, தைராய்டா?" என்றாள்.

"ஆமா. ஒனக்கு?"

"எனக்கும் அதான்."

"ஒன் நாத்தனா எங்கட்டி?"

"எனக்கு ஏதுக்கா நாத்தனா? நாத்தனா இல்லாத வீடுன்னு பாத்துல்லா எங்கய்யா கட்டிக் குடுத்தாவ."

என் மருமகள் சிரித்தாள். பிள்ளை பிறந்தபின் அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். மாத்திரையை நிறுத்திவிடுவாளோ என்று ரயிலில் அஞ்சியபடியே வந்தேன். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தியவள் மற்றவள்.

அதன்பின் பெஞ்சில் அவளைக் காணவில்லை. எதிர்வீட்டுக் கதவு பகலிலும் சாத்திக் கிடந்தது. குழாயில் தண்ணீர் வரும் வேளையில் அவள் கணவரே குடத்தோடு நின்றார். விசாரித்தேன்.

"தைராய்டு கூடிப்போச்சுக்கா," என்றார்.

நானும் தலையசைத்தேன். அவள் மறைத்ததை அவரிடம் உடைக்க எனக்கு என்ன உரிமை?

சென்ற மாதம் வாஷிக்குப் புறப்பட்ட காலையில், என் மருமகள் அக்கதவைத் தட்டினாள். சந்தில் பெண்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தனர். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"சித்தி, மனசு சரியில்லன்னு நான் வாஷியில டாக்டர்ட்ட காட்டுதேன். தொணைக்கு வாரியளா?"

துலக்கும் ஓசை நின்றது. உள்ளே மின்விசிறி சுழல்வது கேட்டது. தாழ்ப்பாள் அசையவில்லை. ரயிலுக்கு நேரமாயிற்று என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிப் பெஞ்சில் அமர்ந்ததும் என் மருமகள் தன் பையைப் பக்கத்தில் வைத்து ஓர் இடம் பிடித்தாள். கேட்டவர்களிடமெல்லாம், ஆள் வருகிறது என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.