கடைசிப் பக்கத்தில் ஒரு பென்சில் மீன்

பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் இப்போது வசிக்கிறேன். வட இங்கிலாந்தின் சிறிய ஆலை நகரம் இது. என் மகன் இங்குள்ள மருத்துவமனையில் பணியாற்றுகிறான். கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் மனைவி விசாலாட்சியும் அவனிடம் வந்து சேர்ந்தோம். முதல் குளிர்காலத்தில் என்னை வியக்கவைத்தது பனி அல்ல. மாலை நடையின்போது எங்கள் தெருச் சன்னல்களில் கண்ட காட்சி. வீட்டுக்கு வீடு ஒரு மூதாட்டி, கணப்பருகே கால்களைக் கம்பளியால் மூடிக்கொண்டு, மெல்லிய நாவல் ஒன்றை வாசித்துக்கொண்டிருப்பார். அட்டையில் பனி போர்த்திய குடிசை. அதன் வாசலில் ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும். எழுபது வயதில் காதல் கதை! அதுவும் திரைச்சீலையை இழுத்துவிடாமல், தெருவில் போகிற எவரும் காணும்படி!

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருப் பெண்களும் கதை வாசித்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. வார இதழ்களிலிருந்து தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து, வீடு வீடாகச் சுற்றவிடுவார்கள். விசாலாட்சியிடமும் அத்தகைய தொகுதிகள் இருந்தன. ஆனால் என்னைக் காண எவரேனும் வந்தால், பக்கத்து வீட்டுத் தறியோசைக்கு நடுவிலும் வாசலில் செருப்புக் கழற்றும் ஓசை அவளுக்குக் கேட்டுவிடும். தொகுதி தலையணைக்கு அடியில் போய்விடும். நெசவுக் குடும்பத்திலிருந்து கல்லூரி ஆசிரியரான முதல் ஆள் நான். என் வீட்டுக் கூடத்தில் என்ன புத்தகம் கிடக்கிறது என்பதை ஊர் கவனித்தது. அவளிடம் நான் எதுவும் சொன்னதில்லை. சொல்லும் தேவையை அவள் வைத்ததும் இல்லை.

இங்கே நூலகம் தெருவுக்கே வருகிறது. வியாழக்கிழமை காலையில் புத்தகங்கள் அடுக்கிய பெரிய வேன் ஒன்று முனையில் நிற்கும். பக்கத்து வீட்டு விதவைப் பெண்மணி மிஸஸ் மார்ஷ்தான் விசாலாட்சியைக் கைப்பிடித்து அங்கே முதலில் அழைத்துச் சென்றவர். இவளுக்குப் பள்ளியிறுதி வகுப்பு ஆங்கிலம். பேசத் தயங்குவாள், மெல்ல வாசிப்பாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடும் வீட்டில், பகலெல்லாம் என் முகத்தைத் தவிர வேறு முகம் காணாதவளுக்கு வியாழக்கிழமை ஒரு திருநாளாயிற்று. பெண்கள் வரிசையில் நின்று புத்தகங்களைக் கைமாற்றி, "இதை எடு, இது நல்லாயிருக்கும்" என்று அவள் பையில் திணிப்பார்கள். அந்த வரிசை இல்லையெனில் அவள் அந்தக் குளிரைக் கடந்திருப்பாளா என்பது எனக்கு ஐயமே.

பை தூக்குவது என் பொறுப்பு. வேனின் நூலகப் பெண்மணி முதல் நாளே என்னை 'லவ்' என்று விளித்துப் புத்தகத்தை நீட்டினார். இவ்வூர்ப் பேச்சில் அது யாருக்கும் சொல்லும் வெறும் விளிதான் என்று மகன் விளக்கும்வரை, நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்தக் கதைகளில் அப்படி என்னதான் ஈர்ப்பு என்று அறியும் ஆவலில் ஒன்றைப் புரட்டினேன். நகரத்து ஆசிரியை ஒருத்தி கிராமத்துக்கு வருகிறாள். அங்கே ஆடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் சிடுமூஞ்சி இளைஞன். சண்டை. பனிப்புயலில் பாதை அடைபடுகிறது; இருவரும் ஒரே கணப்பின் முன் அமர நேர்கிறது. கடைசிப் பக்கத்தில் மோதிரம். அடுத்த புத்தகத்தில் ஆடுகளுக்குப் பதில் கலங்கரை விளக்கம். பனிப்புயலும் மோதிரமும் மாறவில்லை. மிஸஸ் மார்ஷிடம் கேட்டேன்: "முடிவுதான் தெரிந்ததாயிற்றே?" அவர் பதறிப்போனார். "ஐயோ, கவலைப்படாதீங்க புரொபஸர், உங்ககிட்ட முடிவைச் சொல்லவே மாட்டேன்!"

வீடு திரும்பும் வழியில் அந்தப் பதிலை எண்ணிச் சிரித்தேன். பிறகு பங்குனி மாதத்துத் திருக்கல்யாணம் நினைவுக்கு வந்தது. ஏகாம்பரநாதர் சந்நிதியில் ஆண்டுதோறும் அதே மணமகன், அதே மணமகள். முடிவு தெரியும் என்று எவரேனும் வீட்டில் இருந்துவிட்டார்களா? தாலி கட்டும் நேரத்துக்கு இடம் பிடிக்க விடியலிலேயே போய் அமர்ந்தார்கள். காஞ்சியில் மார்கழிக் குளிர்கூட மனிதரை வெளியே அழைக்கும். இங்கே குளிர் கதவைச் சாத்துகிறது. சாத்திய கதவுக்குள், எப்படியும் நடந்தே தீரும் ஒரு கல்யாணம் ஆளுக்கொன்று வேண்டியிருக்கிறது போலும். இந்தக் கருத்தைச் சோதிக்க மூன்றாவது புத்தகத்தை எடுத்தேன். பிறகு வந்த எதையும் நான் விடவில்லை. விசாலாட்சி அறிய வேண்டாம் என்று, அவள் முடித்தபின் மாடியறையில் வைத்து வாசித்தேன்.

முதல் புத்தகத்திலிருந்தே கிறுக்கல்கள் கண்ணில் பட்டன. கடைசிப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு மீன், ஒரு நட்சத்திரம், ஒரு சின்னத் தேநீர்க் கெண்டி. பொது நூலகத்தின் சொத்தில்! வாழ்நாளெல்லாம் விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? ரப்பரை எடுத்து ஒவ்வொன்றையும் சுத்தமாக அழித்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டைக் கடந்த எந்தப் புத்தகமும் அழுக்கோடு திரும்பவில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு வியாழன். வேனுக்குள் மிஸஸ் மார்ஷின் குரல் உயர்ந்தது. "இதை நான் படிச்சாச்சு! போன வாரம் எடுத்ததும் படிச்சதுதான். என் மீன் எங்கே?" உடனே மற்றவர்களும் தொடங்கினார்கள், நட்சத்திரத்தையும் கெண்டியையும் காணவில்லை என்று. அட்டையும் தலைப்பும் ஒன்றுபோலவே இருக்கும் நூல்களில், வாசித்து முடித்ததற்கு அவரவர் இட்ட அடையாளம் அது. அடையாளம் போனவை எல்லாம் யார் கைக்குப் போய் வந்தவை என்று பேசிக்கொண்டே வந்தார்கள். பேச்சு பாதியில் நின்றது. யாரும் குற்றம் சாட்டவில்லை. ஆயினும் வரிசையில் விசாலாட்சிக்கு முன்னும் பின்னும் ஓரடி இடைவெளி விழுந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அந்த மீனை எதுனா பண்ணீங்களா?"

"பொதுப் புத்தகத்துல கிறுக்கி வெச்சிருந்தாங்க. அழிச்சேன்."

"அய்யே! கிறுக்கலா அது? நம்ம தெருவுல கதப் பொஸ்தகம் படிச்சி முடிச்சா அவங்கவங்க கலர்ல பட்டு நூல் வெச்சி அனுப்புவோமே, நான் அரக்கு, எதிர்வீட்டம்மா மஞ்சா, அதே தாங்க இது! தலகாணிக்குக் கீழயே கெடந்தா உங்களுக்கு எங்க தெரியும்?" குரல் தாழ்ந்தது. "இப்ப எல்லாரும் என்னைத்தான் பாத்துக்கினு இருக்குறாங்க. எதுனா சொல்லுங்க."

அழித்தவன் நான் என்று சொல்வது கடினமன்று. அதைத் தூய்மைப் பணி என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் போன மீன் திரும்ப வராது. எந்தக் கதையில் எந்தச் சின்னம் இருந்தது என்பது எனக்கு மட்டுமே தெரியும். அது எப்படித் தெரியும் என்றும் சொல்லியாக வேண்டும். இத்தெருவின் முதல் இந்தியக் குடும்பம் நாங்கள். என்னைக் கண்டால் ஆண்கள் மரியாதையாகத் தொப்பியைத் தொடுவார்கள். விசாலாட்சியைப் பார்த்தேன், கழற்றிய கையுறைகளை மீண்டும் மாட்டிக்கொண்டிருந்தாள், இனி புத்தகம் எடுப்பதாக இல்லை என்பதுபோல.

நான் வேனுக்குள் ஏறினேன். "அழித்தவன் நான். என் மனைவிக்குத் தெரியாது," என்றேன். பிறகு அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். "ஆட்டு வைத்தியரும் ஆசிரியையும்: மீன், நட்சத்திரம். கலங்கரை விளக்கத்துக்குக் கேக் கொண்டுபோகும் பெண்: மீன் மட்டும். பனியில் தபால்காரர் வழிதவறும் கதை: கெண்டி."

பெண்கள் ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு மிஸஸ் மார்ஷ் கேட்டார்: "அப்போ எல்லாத்தையும் படிச்சீங்களா, புரொபஸர்?"

"முடிவுவரை, மேடம்."

"எது புடிச்சது?"

"கலங்கரை விளக்கம்."

"பாத்தீங்களா, அதுதான் நல்ல கதைன்னு நான்தான் சொன்னேனே!" என்று அவர் நட்சத்திரக்காரியின் விலாவில் இடித்தார். வேன் குலுங்கச் சிரித்தார்கள். விசாலாட்சியும் சிரித்தாள். "மாடியில ஆராய்ச்சி நடக்குதுன்னு இல்ல நெனச்சேன்!" வரிசையில் விழுந்த இடைவெளி எப்போது மூடியது என்று நான் கவனிக்கவில்லை. என் கையில் ஒரு பென்சிலைத் திணித்து, அழித்த அத்தனையையும் திரும்ப வரைய வைத்தார்கள். வரைந்து முடித்தபோது மிஸஸ் மார்ஷ் விடவில்லை: "உங்க அடையாளம் எங்கே?" யோசிக்காமல் ஒரு சிறிய கோபுரம் போட்டேன், புடவைக் கரையில் வரிசையாக ஓடுமே, அதுபோல. விசாலாட்சி தன் முந்தியில் பிரிந்திருந்த அரக்கு இழை ஒன்றை உருவி அந்தப் பக்கத்திலேயே வைத்தாள்.

காஞ்சியில் என் பழைய மாணவர்கள் இதை வாசிக்கக்கூடும், சிரிக்கவும் கூடும். சிரிக்கட்டும். இந்தக் குளிர்காலத்தின் முதல் வியாழனன்று கலங்கரை விளக்கம் மீண்டும் என் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் மீன், அதன் கீழே என் கோபுரம், இடையில் அந்த அரக்கு இழை. வாசித்தாயிற்று என்று பொருள். ஆயினும் எடுத்து வந்தேன். நான்கு மணிக்கு விளக்கேற்றி, திரைச்சீலையை அப்படியே விட்டு, சன்னலோரம் அமர்ந்தேன். பனிப்புயல் தொடங்கும் இடத்தில் எங்கள் வாசலில் யாரோ காலணியை உதறும் ஓசை கேட்டது. என் கை தானாகப் பக்கத்தில் தலையணையைத் தேடிற்று. இந்த நாற்காலியில் தலையணை இல்லை.