வெள்ளைத்துரை வீட்டு மொட்டைமாடி

ஒரு மனுசன் ஏமாறுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? சிலமலைக் கேபிள்காரர் பால்சாமி, தன் பிழைப்பைக் கெடுக்க வந்த வயரைத் தானே தோளில் சுமந்து, தானே கம்பத்தில் ஏறி, தானே இழுத்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "நல்லா வெறப்பா இருக்கா பாரு மாப்ளே" என்று வேறு கேட்டார்.

இருபத்துமூன்று வருசமாக அவருக்கு அந்தத் தொழில்தான். அதற்கு முன் குரங்கணிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய் வந்தவர். போடியிலிருந்து ஊருக்குள் கேபிள் வந்தபோது, ஏணி ஏறப் பயப்படாத ஆள் என்று தெருவை அவர் கையில் கொடுத்தார்கள். ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து வயர் அறுந்தால், யாரும் போன் போடுவதற்கு முன்னால் ஏணியோடு தெருவில் நிற்பார். இரண்டு முறை விழுந்திருக்கிறார். இடது முழங்கை இன்றும் முழுசாக நீளாது. "நாளைக்கு வர்றேன்" என்ற பேச்சு மட்டும் அவர் வாயில் வந்ததே இல்லை.

கேபிள் ஓட்ட வயர் மட்டும் போதாது, மாடியும் வேண்டும். வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டு மொட்டைமாடிச் சுவரில் வயரைக் கட்டுவதுதான் வழக்கம். படம் மங்காமல் இருக்க நடுவில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி வைக்க யார் மாடி தருகிறாரோ, அந்த வீட்டுக்குக் கேபிள் இலவசம். எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது, எல்லாம் வாய்ச் சொல்தான். பெட்டி இருந்த மாடி வெள்ளைத்துரையுடையது. கூடப் படித்தவர், பால்சாமி கல்யாணத்தில் ஓடியாடிப் பந்தி பார்த்தவர். அவர் மாடியிலிருந்துதான் நாற்பது வீட்டுக்குக் கேபிள் பிரிந்தது.

வைகாசியில் ஒருநாள் வெள்ளைத்துரை கூப்பிட்டார்.

"மாப்ளே, தோட்டத்து ஸ்டோர்ல ஏலக்கா களவு போகுது. கேமரா மாட்டிருக்கேன். இங்க உக்காந்து பாக்கணும்னா நெட்டு வேணுமாம். மெயின் ரோட்டுல இருந்து ஒரு வயரு இழுத்துக் குடுத்துரு. உன்ன விட்டா நான் யார்ட்ட கேப்பேன்?"

கடைசிப் பேச்சு ஒன்று போதாதா நம்ம ஆளுக்கு! தன் கேபிள் போன மாடிகள் வழியாகவே அந்த நெட்டு வயரையும் கொண்டுபோனார். கூலி பேசவில்லை. மாடிக்காரர்கள் என்ன வயர் என்று கேட்டபோதெல்லாம், "நம்ம வெள்ளத்துரைக்குத்தான், கேமராவுக்கு" என்று அவரே பதில் சொன்னார்.

ஆனி பிறந்ததும் வெள்ளைத்துரை பெட்டியைக் கழற்றச் சொன்னார். "மாடியில ஷீட்டு போடுறோம் மாப்ளே. நீ வேற மாடி பாத்துக்க." முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்போதும் பால்சாமிக்கு உறைக்கவில்லை. அடுத்த மாடி கேட்டு நேரே பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனார்.

பாண்டியம்மாள் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவள். சாயங்காலம் சீரியல் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. காபி கொண்டுவந்து வைத்தவள், மாடிப் பேச்சை எடுத்ததும் முந்தானையைத் திருக ஆரம்பித்தாள்.

"அண்ணே, கேபிளா நெட்டான்னு ஒரு மாசமா எங்க வீட்ல ஒரே சண்டை. புள்ளைக நெட்டுதான்னு நிக்குதுக, வேணும்ங்கிறப்ப வேணும்ங்கிற படம் பாக்கலாமாம். நாந்தான் மாட்டேன்னு நின்னேன். மழையோ காத்தோ, நம்ம அண்ணே ஓடி வருவாருன்னு சொன்னேன். வெள்ளத்துரை அண்ணேதான் வந்து, பால்சாமிட்டப் பேசியாச்சு, அவன் சம்மதம்தான், வயரே அவன்தானே இழுத்தான்னு சொன்னாக. அப்பறந்தான் நானும் பேரு குடுத்தேன்."

"என்ன பேரு?"

"ஒங்களுக்குத் தெரியாதா? நெட்டுக்கு அவுகதான ஏஜெண்டு. இதுவரைக்கும் முப்பத்தாறு வீடு குடுத்தாச்சுண்ணே."

பால்சாமி கணக்குப் போட்டார், நாற்பதில் முப்பத்தாறு. அந்த முப்பத்தாறு வீட்டிலும் அந்த மாசம் முழுக்க டீ குடித்திருக்கிறார். கேபிளை விட்டால் விடட்டும். காலம் மாறுகிறது, நாளைக்கு அவர் வீட்டிலும் கேட்பார்கள். அதிலெல்லாம் அவருக்குக் கோபமில்லை. அவர் பெயரையே சொல்லி, அவர் கையாலேயே அவர் தெருவைப் பிடுங்கிக்கொண்டானே பாவி! கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரே. அதுதான் தாங்கவில்லை. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் மாடியேறிப் பெட்டியைக் கழற்றினார். பக்கத்திலேயே புதுப்பெட்டி ஒன்று மாட்டியிருந்தது, என்றைக்கோ அவர் அடித்து வைத்த ஆணியில். மாடியில் ஷீட் போடுகிற அறிகுறியே இல்லை. வெள்ளைத்துரை மேலே வரவும் இல்லை.

ஆடி இரண்டாம் வாரம் காற்று பேயாக அடித்தது. காலையிலேயே போன் வந்தது. வெள்ளைத்துரை மகள் வித்யா.

"மாமா, நெட்டு போயிருச்சு. கம்பத்துல வயரு அந்து தொங்குது. கம்பெனில கேட்டா ரெண்டு நாளாகும்ங்கிறாங்க. தெரு பூரா எங்க வாசல்ல வந்து சத்தம் போடுறாங்க மாமா. வெரசா வாங்களேன்."

பழகிப்போன உடம்பு, என்ன செய்வது? பேசி முடிப்பதற்குள் ஏணி தோளுக்கு ஏறிவிட்டது. வாசப்படியில்தான் கால் நின்றது.

"அப்பா எங்கம்மா?"

"இந்தா, பக்கத்துலதான் நிக்கிறாரு."

"போனை அவருட்ட குடு. 'மாப்ளே, கேமரா தெரியல'ன்னு, அன்னைக்கு வயரு கேட்ட அதே வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்பவே வந்து ஏறுறேன்."

போன் கை மாறியது தெரிந்தது. யாரோ மூச்சு விடுகிற சத்தமும், அதற்குப் பின்னால் காற்றும் கேட்டன. பால்சாமி ஏணியை இறக்காமல் காத்திருந்தார். மாப்ளே என்று ஒரு சொல் வந்திருந்தால் போதும், பைத்தியக்கார மனுசன் போயிருப்பார். வரவில்லை. மறுபடி வித்யாதான் பேசினாள்.

"மாமா... வர்றீங்களா?"

"நாளைக்கு வர்றேம்மா" என்றார் பால்சாமி.