ஒற்றைக் கையால் திறக்கிற கத்தி

இது உண்மைக் கதை. நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற நம் தேயிலைத் தோட்டத்தில், நம் கண் முன்னால் நடந்தது. ஆனாலும் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று இரண்டு கிலோ கழிக்கிறார்கள் அல்லவா, அதுபோல இதிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். சொல்கிற வாயில் ஈரம் அதிகம். மாடு உண்மை, கயிறு உண்மை, கத்தி உண்மை. நடுவில் வருகிற பள்ளம் மட்டும் சொல்லச் சொல்ல ஆழமாகிக்கொண்டே போகும்.

காளியாயிக்கு ஐம்பத்து மூன்று வயது. அவள் கொழுந்து எடுத்துப் போன நிரையில் அடுத்த வாரம் வரைக்கும் பூச்சி கூடப் பட்டினி கிடக்கும். வேலை முடிந்தால் புல், புல் முடிந்தால் சிங்காரி. சிங்காரி என்பது அவளுடைய பசு. அதனிடம் அவள் பேசுகிற பேச்சில் கால்வாசியைச் செத்துப்போன புருஷனிடம் பேசியிருந்தால் அந்த மனிதர் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார். வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் இருக்கிற சரிவில்தான் சிங்காரி மேயும். அது எப்படிப்பட்ட சரிவு என்றால், மேல் லயத்தில் ஓர் உருளைக்கிழங்கு கைதவறினால் நோர்வூட் சந்திக்குப் போய்ச் சேர்வதற்குள் தோல் முழுக்க உரிந்திருக்கும்.

காளியாயியின் இடுப்புப் பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். கொழுந்துச் சாக்கின் கயிறு அறுக்க, கூடை வாரை வெட்ட, மாட்டுக்குப் புல்கட்டைப் பிரிக்க. பழைய கத்தி தேய்ந்துபோனபோது, மகள் லோஜினியின் புருஷன் சுமன் கட்டாரிலிருந்து புதுசு ஒன்று கொண்டுவந்தான். பளபளவென்று இருந்தது. உள்ளே பதினொரு சாமான். கத்தரிக்கோல், போத்தல் திறக்கிறது, மீன் செதில் சுரண்டுகிறது, பல் குத்துகிறது, எதற்கென்று யாருக்கும் தெரியாத ஒரு கொக்கி. இன்னும் ஒன்று சேர்த்திருந்தால் அதுவே காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கும். சுமன் போனில் கேட்கும்போதெல்லாம் காளியாயி தங்கமான கத்தி என்றுதான் சொல்லுவாள்.

போன ஜூலையில் ஒரு நாள், நான்கு நாள் மழைக்குப் பிறகு, சிங்காரி சரிவில் சறுக்கிவிட்டது. கயிறு மேலே முளையில் இறுகிக்கிடந்தது. மாடு கீழே பள்ளத்துக்கு மேல், பின்னங்கால் மட்டும் மண்ணைத் தொட, கழுத்துக் கயிற்றில் தொங்கியது. வயிற்றில் கன்று வேறு. காளியாயி கொழுந்து எடுத்த மலையிலிருந்து அப்படியே ஓடிவந்தாள். இடது கையால் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டாள். விட்டால் அவளும் போய்விடுவாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கை. அந்தக் கை விரல்களில் கொழுந்து கிள்ளுகிறவர்கள் போடுகிற ரப்பர் உறை. உள்ளே நகம் எல்லாம் தேய்ந்து மொட்டை. சுமனின் கத்தியோ அலகில் இருக்கிற ஒரு சின்னக் கோட்டில் நகத்தைக் கொடுத்து, இரண்டு கையால் இழுத்துத் திறக்கிற ஜாதி. பல்லால் கடித்து இழுத்தாள். கத்தரிக்கோல் வந்தது. மறுபடி இழுத்தாள். கொக்கி வந்தது. சிங்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாட்டைக் காப்பாற்றியது கத்தி இல்லை. முளையை அவள் சரியாக அடிக்கவில்லை, அது பிடுங்கிக்கொண்டு வந்தது. சிங்காரி உருண்டு கீழே தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்து ஒரு மாதம் நொண்டியது. முளையை நன்றாக அடித்திருந்தால் மாடு செத்திருக்கும் என்று நினைத்து நினைத்துக் காளியாயிக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் முளையை இறுக்கி அடிப்பதா, லேசாக அடிப்பதா? இறுக்கி அடித்தால் மாடு தொங்கும், லேசாக அடித்தால் மாடு அடுத்த வீட்டு லீக்ஸ் பாத்தியில் நிற்கும். ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடு கட்டுகிற கயிற்றில் ஆறு முழம் வெட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு கத்தி வாங்க நோர்வூட்டுக்கு இறங்கினாள்.

கஸ்பர் சாமான் கடை வைத்திருக்கிறவர். எடை நூறு கிலோ, சாக்குக்குக் கழித்த பிறகு. மாம்பழம் வெட்டவா, பாக்கு சீவவா என்று அவர் விசாரித்தார். மாட்டைக் காப்பாற்ற என்றாள். இருபது வருஷ வியாபாரத்தில் மாட்டை வெட்டக் கத்தி கேட்டிருக்கிறார்கள், காப்பாற்ற யாரும் கேட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு தட்டு நிறைய மடக்குக் கத்திகளை எடுத்து வைத்தார்.

காளியாயி ஒரு வாளித் தண்ணீர் கேட்டாள்.

"எதுக்குக்கா?"

"மலையில என் கை காஞ்சா கெடக்கு, மொதலாளி?"

கையை நனைத்தாள். விரலில் ரப்பரை மாட்டினாள். இடது கையால் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தாள். மரப்பிடி போட்ட அழகான கத்தி, நகம் இல்லாமல் திறக்காது. தள்ளி வைத்தாள். அடுத்தது பொத்தானை அமுக்கினால் படக்கென்று திறந்தது. கஸ்பருக்குப் பெருமை. அவள் அலகின் முதுகை மேசையில் வைத்து அழுத்தினாள், அது அதே படக்கோடு மடங்கியது. என் விரலையும் கொழுந்தோடு சேர்த்து நிறுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டாள். கஸ்பர் இன்னொரு தட்டு எடுத்தார். மூன்றாவது தட்டில் ஒன்று, அலகில் பெருவிரல் அளவுக்கு ஓர் ஓட்டை. அதில் ஈர விரலை வைத்துத் தள்ளினாலே திறந்தது. திறந்த பிறகு பூட்டிக்கொண்டது, அழுத்தினாலும் மடங்கவில்லை.

எடுத்துக்கொள்வாள் என்று கஸ்பர் நினைத்தார். அவள் பைக்குள்ளிருந்து கயிற்றை எடுத்தாள்.

"நீங்கதான் சிங்காரி. இடுப்புல கட்டிக்கிட்டு படியில பின்னால சாஞ்சு நில்லுங்க."

"நான் எதுக்குக்கா மாடாகணும்?"

"தொங்குற கயித்த அறுத்துப் பாக்கணும் மொதலாளி. சும்மா கெடக்குற கயித்த என் பல்லே அறுத்துரும்."

ஒரு முனை தூணில், மறுமுனை கஸ்பரின் இடுப்பில். அவர் சாய்ந்தார். காளியாயி பெருவிரலால் கத்தியைத் திறந்து ஒரே இழுப்பு. கஸ்பர் நடு ரோட்டில் உட்கார்ந்தார். பொகவந்தலாவை பஸ் நின்றது. அவரை ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கண்டக்டர் கேட்டதாகச் சொல்கிறார்கள், அதற்கு ஈரம் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கத்தியின் பிடி பச்சை நிறம். காளியாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நம் தோட்டத்தில் போன வருஷம் ஒரு பச்சைப் பிடிக் கத்தி செடிக்குள் விழுந்தது, தேடிக் கிடைக்கவில்லை, அடுத்த கவ்வாத்துக்குச் செடியை வெட்டினால்தான் வெளியே வரும். வேறு நிறம் கேட்டாள். இருக்கிறது என்று சொல்லக் கஸ்பருக்கு வெட்கம். அலுமாரிக்குப் பின்னாலிருந்து, நாலு வருஷமாக யாரும் வாங்காத ஒன்றை எடுத்துத் துடைத்தார். பழுத்த பூசணிக்காய் நிறம். இருட்டில் வைத்தால் விளக்குப் போட வேண்டாம். ஆம்பிளைகள் சின்னப் பிள்ளை விளையாட்டுச் சாமான் என்று தொடமாட்டார்களாம். அதையும் நனைத்து, திறந்து, அழுத்திப் பார்த்துவிட்டுக் காளியாயி இடுப்பில் செருகினாள். கஸ்பரை இரண்டாம் தரம் மாடாக நிற்கச் சொல்லவில்லை. அவளுக்கும் இரக்கம் உண்டு.

ஒக்டோபரில் மறுபடி மழை. முளையை நம்பாமல் கொய்யா மரத்தில் கட்டியிருந்தாள். சிங்காரி மறுபடி சறுக்கியது, இந்தத் தரம் நாலு காலும் ஆகாயத்தில். கொய்யா மரம் எங்கே பிடுங்கிக்கொண்டு வரப்போகிறது? காளியாயி செடியைப் பிடித்தாள், பெருவிரலால் தள்ளினாள், அறுத்தாள். அவ்வளவுதான். ஒரு மூச்சு விடுகிற நேரம். மாடு சறுக்கிக்கொண்டே போய்க் கீழே கானில் எழுந்து நின்று, ஒன்றும் நடக்காதது மாதிரி புல்லைக் கடித்தது. அறுத்த வேகத்தில் கத்தி கையை விட்டுப் பறந்து தேயிலைக்குள் விழுந்தது. அது ஐந்து நிரைக்கு அப்பால் பூசணிக்காய் காய்த்த மாதிரி தெரிந்தது. நேராகப் போய் எடுத்துக்கொண்டாள். தை மாதம் கிடேரிக் கன்று பிறந்தது.

கதை இங்கே முடிந்திருக்கும். இதைச் சொல்லக் கேட்டு, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் லொறிக்காகக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள், காளியாயி மட்டும் சிரிக்கவில்லை. அவள் வாசலைப் பார்த்தாள். லீவில் வந்த சுமன், மாமியாரின் சாக்கைத் தூக்கிக் கொடுக்க வந்தவன், எப்போது வந்தானோ, அங்கே நின்றுகொண்டிருந்தான்.

"அப்ப நான் கொண்டாந்தது கத்தி இல்லையா, அத்த?"

"நல்ல கத்திதான் தம்பி. அது வீட்டுக் கத்தி," என்றாள் காளியாயி, தராசைப் பார்த்துக்கொண்டே.

பக்கத்து நிரைக்காரி ராக்காயி சும்மா இருந்திருக்கலாம். மாங்காய் சீவுவதற்கு அதை மிஞ்ச வேறு கத்தி இல்லை என்றாள். சுமனுக்கு முகம் சிவந்துவிட்டது. கத்தியின் மேல் பிழை இல்லை, மாட்டைச் சரிவில் கட்டியதுதான் பிழை என்றான்.

"புல்லு சரிவுலதானே தம்பி மொளைக்குது," என்றாள் காளியாயி. குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

கயிறு நீளம்தான் பிழை என்று ராக்காயி. முளைதான் பிழை என்று கங்காணி நல்லமுத்து. லோஜினியிடமிருந்து அந்தக் கத்தியை வாங்கிவரச் சொல்லுங்கள், இங்கேயே அறுத்துக் காட்டுகிறேன் என்று சுமன் சாக்குக் கயிற்றை அவிழ்த்தான். மாடாக யார் நிற்பது என்று கேள்வி வந்தது. எல்லோரும் எடையைப் பார்த்துக் கங்காணியைக் காட்டினார்கள். பூசணிக் கத்தி என்றால் நிற்கிறேன், கட்டார் கத்திக்கு நிற்கமாட்டேன், சாயங்காலம் வரை கட்டிக்கிடக்க எனக்கு நேரமில்லை என்றார் கங்காணி. சுமன் சாக்கைக் கீழே போட்டான். ராக்காயி கங்காணி பக்கம், இரண்டு பையன்கள் சுமன் பக்கம். காளியாயி நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் திட்டினாள். வெளியே லொறி மூன்று தரம் ஹோர்ன் அடித்தது. உள்ளே யாருக்கும் கேட்கவில்லை.