பூச்சிப் பல்லுக்கு வந்த மிட்டாய்

எனக்குப் பல் நன்றாக இருந்ததுதான் கெட்ட காலமாகப் போயிற்று.

பெரியப்பா துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் சோப்பு, தைலம், பளபளவென்று ஒரு சேலை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எங்களுக்கும் பங்கு உண்டு. அப்பாவுக்குச் சட்டைத்துணி, அம்மாவுக்குத் தைலம், எனக்கு ரப்பர் வைத்த பென்சில். கடைசியாக நீல நிறத்தில் சில டப்பாக்கள் வந்தன. அவற்றை மட்டும் பெரியம்மா பெட்டியிலிருந்து நேராகத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார்.

அது மிட்டாய், சர்க்கரை போடாத மிட்டாய். பெரியப்பா மகளுக்காக வந்தது. என்னைவிடச் சில மாதமே மூத்தவள்தான், ஆனாலும் நான் அவளை அக்கா என்று கூப்பிட்டே தீரவேண்டும். அவளுக்கு முன்பற்கள் கறுத்து அரித்துப்போயிருந்தன. இனிப்பையும் விடமாட்டாள். பெரியப்பா அங்கிருந்த பல் டாக்டரிடம் கேட்டிருக்கிறார். இந்த மிட்டாயில் இருப்பது வேறு மாதிரி இனிப்பு, பல்லை அரிக்கும் கிருமிக்கு இது இரையாகாது, பிள்ளைக்கு இதைக் கொடு என்று அவர் சொன்னாராம்.

நான் கையை நீட்டினேன். பெரியம்மா என் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"ஒனக்குத்தான் பல்லு முத்தாட்டம் இருக்கே. ஒனக்கு எதுக்குடி இது?"

அதோடு முடிந்தது. கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. அம்மாவுக்குக்கூட.

எங்களுடையது ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்த வீடு. கொல்லையில் மட்டும் இடுப்பளவுச் சுவர் ஒன்று குறுக்கே ஓடியது. அக்கா அதன் மேல் ஏறி உட்கார்ந்து டப்பாவைக் கிலுகிலுவென்று ஆட்டுவாள். "வாயில வச்சா ஐஸ் மாரி ஜில்லுங்குது பாரு" என்று என் முகத்துக்கு நேரே ஊதுவாள். உண்மையாகவே குளிர்ந்த காற்று வந்தது. சித்திரை வெயிலில், வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, ஒருத்தி வாயில் மட்டும் மார்கழி இருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

எனக்கும் பல் சொத்தையாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெல்லக்கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பகலெல்லாம் திரிந்தேன். கண்ணாடியில் போய்ப் பார்த்தால் பல் முன்னைவிட இன்னும் வெள்ளையாகச் சிரித்தது. ஒருநாள் அக்கா ஒரு மிட்டாயை எடுத்துத் தெரு நாய்க்குப் போட்டாள். எனக்கு இல்லை, நாய்க்கு. அது மோந்து பார்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. அந்த இனிப்பு நாய்க்கு நஞ்சு என்று பிள்ளை பெற்ற பிறகுதான் எங்கோ படித்தேன். அன்றைக்கு எனக்கிருந்த கவலையெல்லாம், நாய் விட்டுப்போனதை அவள் பார்க்காமல் எப்படி எடுப்பது என்பதுதான். அவள் இறங்கி அதைக் காலால் மண்ணில் அழுத்திவிட்டுப் போனாள்.

பெரியவர்களுக்கு வேறு பிரச்சினை இருந்தது. எங்கள் நிலம் தாத்தா காலத்தில் பண்ணையை எதிர்த்துக் கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய்க் கையில் வந்த நிலம். பட்டா தாத்தா பேரிலேயே கிடந்தது. இப்போது அதைப் பிரிக்க வேண்டும். ஒரு பாதி வாய்க்காலை ஒட்டியது. மடையைத் திறந்தால் தண்ணீர் பாயும். இன்னொரு பாதி உள்ளே தள்ளி மேடாகக் கிடந்தது. பண்ணையாரிடம் ஒன்றாக நின்று சண்டை போட்ட குடும்பம், வாய்க்கால் ஓரம் யாருக்கு என்பதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோறு தின்றது. அம்மாவும் பெரியம்மாவும் கிணற்றடியில் வாளியை வைக்கும் சத்தத்திலேயே பேசிக்கொண்டார்கள்.

சர்வேயர் வந்த அன்று ஆண்கள் எல்லோரும் வயலுக்குப் போயிருந்தார்கள். பெரியம்மா சர்வேயருக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். அக்கா புது டப்பா ஒன்றுடன் சுவரில் ஏறினாள். நான் இந்தப் பக்கம் நின்றேன். அவள் ஒன்றைப் போட்டுக் கடித்தாள். அது கரைவதற்குள் அடுத்தது. நான் பார்க்கப் பார்க்க அவளுக்கு உற்சாகம் ஏறியது. நானும் கண்ணை எடுக்கவில்லை. அவள் வாய்க்குள் போன ஒவ்வொன்றையும் என் கண் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்தது. டப்பாவைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

உச்சிப்பொழுதில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். வந்தாள், மறுபடி ஓடினாள். வயிறு உப்பி, உள்ளே கடமுடவென்று உருண்டது. சற்று நேரத்தில் கண் செருகி, துவைத்த துணி போலத் துவண்டு கிடந்தாள். வயலுக்கு ஆள் ஓடியது.

பெரியம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வரவில்லை. கண்ணேறுதான் என்று உறுதியாகிவிட்டது. அவர் விடுவிடுவென்று எங்கள் பக்கம் வந்தார். அம்மா வாசலில் கைகட்டி நின்றிருந்தாள். பெரியம்மா குனிந்து அம்மாவின் கால் பட்ட இடத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளினார்.

யார் கண் பட்டதோ அவர்கள் காலடி மண்ணைத்தான் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அவள் காலை நகர்த்தவில்லை.

"நெலத்துல வச்ச கண்ண எம் புள்ள மேல வச்சுட்டியே" என்றார் பெரியம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. அநியாயமாக அம்மா மேல் பழி வருகிறதே என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவ்வளவு நேரம் கண் இமைக்காமல் நின்றது நான்; அந்தக் கண்ணுக்கு இவ்வளவு சக்தி இருக்கிறது என்றால் அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"அம்மா இல்ல பெரியம்மா, நாந்தான் வச்சேன். எங் காலடி மண்ண எடுங்க" என்று இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றேன்.

அம்மா என்னை அறைந்தாள். அப்படி ஓர் அடியை நான் அதற்கு முன் வாங்கியதில்லை. அறைந்த கையாலேயே என்னை இழுத்துத் தன் சேலைக்குள் அணைத்துக்கொண்டாள். பெரியம்மா பிடி மண்ணோடு அப்படியே நின்றார்.

அதற்குள் அப்பாவும் பெரியப்பாவும் வேர்வையும் புழுதியுமாக ஓடிவந்தார்கள். அப்பா மொபெட்டை எடுத்தார். பெரியப்பா அக்காவை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். பல நாளாகப் பேசாதவர்கள். "கெட்டியா புடிச்சுக்கண்ணே" என்று அப்பா சொன்னது கேட்டது. வண்டி நன்னிலம் ரோட்டில் மறைந்தது.

அவர்கள் வரும்வரை பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரு சொம்பில் மோர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அது தொடாமல் கிடந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தார்கள். அக்கா தானே நடந்து வந்தாள். பெரியப்பா கையில் காலி டப்பா.

"கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. டப்பா முச்சூடும் தின்னுருக்கு கழுத" என்றார். "டாக்டரு சிரிக்கிறாரு. பல்லுக்கு நல்லதுதானாம், உசுருக்கும் ஒண்ணும் பயமில்லையாம். ஆனா அளவுக்கு மேல போனா வயித்துல செமிக்காது, தண்ணியா இழுத்துக்கிட்டுப் போயிருமாம். சின்ன புள்ளைக்கு எண்ணிக் குடுக்க மாட்டீங்களாங்குறாரு."

"மருந்து?" என்று கேட்டார் பெரியம்மா.

"உப்பும் சக்கரையும் கலந்த தண்ணி" என்றார் அப்பா. சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டு அக்கா மெல்லச் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா அம்மாவைப் பார்க்காமல் உள்ளே போனார். போகும்போது மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் வேறொரு நாள் சர்வேயர் வந்து கல் நட்டார். வாய்க்கால் ஓரம் பெரியப்பாவுக்கே போயிற்று. ஆனால் பெரியப்பா விமானம் ஏறப்போகிறவர். கல்லுக்கு இரண்டு பக்கமும் உழப்போகிறவர் அப்பாதான். "தண்ணி மொதல்ல ஒம் பக்கம் பாயட்டும்டா" என்று பெரியப்பா சொன்னதாகக் கேள்வி. டாக்டர் கண்ணேறு இல்லை என்று சொல்லிவிட்டதில் எனக்கு ஏமாற்றம்தான். யாரையும் படுக்கவைக்கும் கண் எனக்கு இருக்கிறது என்று ஒரு பொழுதாவது நம்பியிருந்தேன்.

பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு வேன் புறப்பட்ட அன்று மாலை, பெரியம்மா கொல்லைச் சுவரருகே என்னைக் கூப்பிட்டார். முகம் வீங்கியிருந்தது. என் உள்ளங்கையில் இரண்டு மிட்டாய் வைத்தார்.

"ஒண்ணு ஒண்ணா தின்னு" என்றார்.

வாயில் போட்டேன். ஜில்லென்றுதான் இருந்தது. ஆனால் வெல்லத்தின் கால் தூசு பெறாது. இதற்கா இத்தனை என்று கேட்கலாமா என நிமிர்ந்து பார்த்தேன்.

பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், எங்கள் கிணற்றடியில், வயலிலிருந்து வந்த அப்பா கல்லில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே எதற்கோ திட்டிக்கொண்டிருந்தாள். அப்பா சிரித்தார். அம்மா ஒரு கை தண்ணீரை அவர் முகத்தில் அடித்துவிட்டு அவளும் சிரித்தாள்.

இருட்டும்வரை பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். துபாய்க் காசில் வந்த டேப் ரெக்கார்டரும் மின்விசிறியும், நீல டப்பா, வாய்க்கால் ஓரம் எல்லாம் அவர் பக்கம் இருந்தன. எங்கள் பக்கத்தில் அப்படி எதைப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.