ஊதமாட்டேன்

துபாயில் பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதாதவனை நோயாளி என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு எழுபது முடிந்த மதியம், கடற்கரை ஹோட்டலில் கேக் கொண்டுவந்த பிலிப்பினோ பணிப்பெண், நான் வாயை இறுக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "சார், ஆஸ்துமா?" என்றாள். தானே ஊதக் குனிந்தாள். கையால் மறித்தேன்.

"அப்பா, எல்லாரும் பாக்குறாங்க. ஒரு தடவ ஊதிடுங்களேன்" என்றான் மகன்.

"மாட்டேன்டா. பாக்கட்டும்."

முன்பு அபுதாபி பக்கம் முசஃபாவில் ஒரு பட்டறைக்கு நான் சேஃப்டி ஆபீசர். ஸ்டோர்கீப்பர் ரூஸ்தம், குஜராத்தின் நவ்சாரியைச் சேர்ந்த பார்சி. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் எனக்கு அடுத்த ரூம். விடிந்ததும் வெள்ளைத் தொப்பி அணிந்து, கண்ணாடி டம்ளரில் எண்ணெய்த் திரி ஏற்றி, அதன் முன் நிற்பார்.

"நெருப்பையா கும்பிடறீங்க, பாய்?"

"நீங்க கற்பூரத்தையா கும்பிடறீங்க?" என்று இந்தியில் திருப்பிக் கேட்பார். பழைய பாரசீகத்தில் தெய்வங்கள் பல இருந்தனவாம். அவர்களுக்குப் பூசை செய்த குலத்தில் பிறந்த ஜரதுஷ்டிரர், பார்சிகளின் ஆதிகுரு, எல்லாவற்றையும் படைத்தவர் அகுர மஸ்தா, ஞானத்தின் தலைவர், அவரே மேலானவர் என்றாராம். அவருக்கு உருவமில்லை, அதனால் ஒளியைப் பார்த்து நிற்கிறோம் என்பார்.

நான் விடவில்லை. "அகுரன்னா எங்க அசுரன். போயும் போயும் அசுரனையா?"

"எங்க பக்கம் உங்க தேவர்கள்தான் பிசாசு. கணக்கு சரியாப்போச்சு, கலாஸ், முடிஞ்சுது" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நாலு புத்தகம் படித்தவன் என்ற திமிர் எனக்கு. அந்தச் சிரிப்பு உள்ளே தங்கிவிட்டது.

அடுத்த வாரம் ரூம் சோதனை. அறைக்குள் நெருப்பு கூடாது என்பது விதி. விதி சரிதான், இன்றும் அதைச் சொல்வேன். "ஊதாதீங்க பாய், மூச்சு பட்டா தீட்டு. நானே தட்டால மூடிடறேன்" என்று ஓடிவந்தார் ரூஸ்தம். அவர் கண்ணெதிரே, வேண்டுமென்றே, குனிந்து ஊதினேன். அறிக்கையில் 'விளக்கு' என்று எழுதியிருந்தால் எச்சரிக்கையோடு போயிருக்கும். 'நெருப்பு வழிபாடு' என்று எழுதினேன். என் அலமாரிக்குள்ளேயே நான் தினம் ஏற்றும் கற்பூரத்தட்டு கரியோடு இருந்தது. அந்த மாதமே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

வண்டி ஏறும்போது என்னிடம் வந்தார். "உங்க கற்பூரத்தப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லல. நல்ல சொல்தான் பேசணும்னு எங்களுக்குக் கட்டளை." அவ்வளவுதான். பிறகு அவரைப் பார்க்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் நீங்கள், ஒரு மெழுகுவத்தியில் என்ன பரிகாரம் என்று கேட்கலாம். பரிகாரம் ஒன்றுமில்லை. என் மூச்சில் இனி ஒரு சுடரும் அணையாது. கிழவனுக்குக் கிறுக்கு என்றால், இருக்கட்டும்.

மெழுகு உருகிக் கிரீமில் வழிந்தது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பணிப்பெண் மேனேஜரைக் கூட்டிவரப் போனாள். ஜன்னலுக்கு வெளியே கடல். அதன் அக்கரை, ரூஸ்தமின் முன்னோர் தங்கள் கடவுளைச் சுமந்துகொண்டு கிளம்பிய பாரசீகம். என் ஊர் எந்தப் பக்கம் என்று தேடினேன், பிடிபடவில்லை. நாற்காலியை, இன்னும் எரிந்துகொண்டிருந்த சுடரின் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.